தங்கை ரிசப்ஷனுக்கு ஃபுட் டிரக் வைக்கலாமா? 350 பேர், கனகபுரா ரோடு லான்

பானஸ்வாடி_அண்ணன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி இரண்டாவது வாரத்தில் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தம் குடியாத்தம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில். அடுத்த ஞாயிறு பெங்களூரில் ரிசப்ஷன். கனகபுரா ரோட்டில், சில்க் இன்ஸ்டிடியூட் மெட்ரோவைத் தாண்டி ஒரு லான் பிடித்திருக்கிறோம். முன்பக்கம் புல்தரை, லேசான சரிவு. ஓரமாக வண்டி போகும் சிமென்ட் கல் பாதை. பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட், 200 பேர் தாராளமாக நிற்கலாம்.

தங்கைக்கு ஒரே ஆசை, சாப்பாட்டுக்கு ஃபுட் டிரக் வைக்க வேண்டும் என்று. அவளும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து எச்எஸ்ஆர் லேஅவுட்டில் வண்டிகளில் சாப்பிட்டுப் பழகியவர்கள். தோசை, சாட், விறகு அடுப்பு பீட்சா, பிரியாணி, கடைசியில் குல்ஃபி என்று பட்டியலே போட்டுவிட்டாள். அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்கக் கூடாது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவள் ஆசையும் பெரிய தப்பில்லை. நடுவில் நான்.

மாப்பிள்ளை வீடு பசவனகுடி. கன்னடக் குடும்பம், சுத்த சைவம். எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தத்திலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். பிரியாணி இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 50, 60 பேர் வயதானவர்கள். என் பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, ரொம்ப நேரம் நிற்க முடியாது.

வண்டிக்காரர்களிடம் பேசியதில் ஆளுக்கு ஒரு கணக்கு. ஒருவர் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தது 200 பிளேட் உத்தரவாதம் கேட்கிறார். இன்னொருவர் டோக்கன் அச்சடித்துத் தருகிறேன், டோக்கனை எண்ணிப் பணம் கொடுங்கள் என்கிறார். மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒன்றரை மடங்கு சொன்னார்.

350 பேருக்கு எத்தனை வண்டி வேண்டும்? மழை வந்தால் என்ன செய்வது? சைவமும் அசைவமும் ஒரே இடத்தில் நிற்கலாமா? செய்து பார்த்தவர்கள், தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

ஒயிட்ஃபீல்ட்_வாசகி:

போன வருஷம் அலுவலகத் தோழி ஒருத்தியின் ரிசப்ஷனில் இப்படித்தான் வைத்திருந்தார்கள். பார்க்க ரொம்ப அழகு. வண்டிக்கு வண்டி சீரியல் விளக்கு, கரும்பலகையில் கலர் சாக்பீஸில் மெனு. சாப்பாடும் நன்றாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பீட்சா வண்டி முன்னால் நின்ற வரிசை கடைசி வரை குறையவே இல்லை. அப்புறம், வண்டியின் ஜன்னல் எவ்வளவு உயரம் என்று யாரும் யோசிக்கவில்லை. என் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருந்தது. புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே தூக்கிச் சூடான தட்டை வாங்குவது சுலபமில்லை. ஒரு பாட்டி அப்படி வாங்கும்போது சட்னி முழுக்கக் கை வழியே வழிந்து பட்டுப் புடவையில் கொட்டியது. உட்கார நாற்காலியும் குறைவு. உங்கள் பாட்டியை நினைத்து இதைச் சொல்கிறேன்.

---

அல்சூர்_சமையல்_அக்கா:

தம்பி, நானும் எங்க வீட்டுக்காரரும் அல்சூரில் சமையல் காண்ட்ராக்ட் செய்கிறோம். கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் எடுப்போம். இப்போது இரண்டு மூன்று வருஷமாக டிரக் கேட்கிற வீடுகள் வருகின்றன. நாங்கள் பந்தியைப் பார்த்துக்கொள்வோம், வண்டிக்காரர்களையும் நாங்களே ஒருங்கிணைப்போம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் டிரக் வேண்டாம் என்று சொல்லவில்லை, விருந்தாளி வரிசையில் நிற்கக் கூடாது என்கிறார். இந்த இரண்டும் வேறு வேறு. வண்டி என்பது அடுப்பு இருக்கிற இடம், அவ்வளவுதான். அங்கே சுடச்சுட ஆகிறதை ஆள் வைத்து விருந்தாளி கைக்குக் கொண்டுபோனால் யாரும் ஏந்தி நிற்க வேண்டியதில்லை. டிரக் வைக்கிற வீடுகள் வண்டிக்குச் செலவழிக்கிறார்கள், பரிமாறுகிற ஆளுக்குச் செலவழிப்பதில்லை. என்னைக் கேட்டால் ஒரு வண்டியைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்துக்கு எட்டு பையன்களைப் போடுங்கள் என்பேன்.

அடுத்து, எத்தனை வண்டி என்பதற்கு 350-ஐ வண்டியால் வகுத்தால் விடை கிடைக்காது. ரிசப்ஷனில் கூட்டம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். 7 மணிக்கு அழைப்பு என்றால் 7.30-க்குத்தான் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். எல்லோரும் மொய்க் கவரோடு அங்கே வரிசை கட்டுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியதும் நேரே சாப்பாட்டுக்கு. 8 மணியிலிருந்து 9.15 வரை, அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் முக்கால்வாசி சாப்பாடு போகும். வண்டிக்காரர் மூன்று மணி நேரம் நிற்கிறேன் என்று சொல்வதை நம்பிக் கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் திணறிப் போவீர்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். 60 பெரியவர்களுக்குத் தனியாகப் பந்தி. மீதி 290 பேர். ஆளுக்கு இரண்டரை தட்டு என்றால் 725 தட்டு. அதில் 500 தட்டு அந்த ஒன்றேகால் மணி நேரத்தில். அப்படியென்றால் மணிக்கு 400. இப்போது ஒவ்வொரு வண்டியும் மணிக்கு எவ்வளவு தள்ளும் என்று பாருங்கள். தோசைக்கல்லில் ஒரு ஈடுக்கு 6 சின்ன தோசை, நாலு நிமிஷம், மணிக்கு 90. சாட்டுக்கு இரண்டு பேர் நின்றால் 100. பிரியாணி ஏற்கெனவே வெந்தது, அள்ளி வைப்பதுதான் வேலை, 150 தாண்டும். பீட்சாதான் சிக்கல். வண்டியில் இருக்கிற சின்ன அடுப்பில் ஒரு தடவைக்கு இரண்டுதான் போகும். மூன்று நிமிஷம் என்றால் மணிக்கு 40. ஆளுக்கு ஒரு முழு பீட்சா என்று கொடுத்தால் வாசகி அம்மா சொன்ன அதே வரிசைதான் நிற்கும். நாலாக வெட்டி, பெரிய தட்டில் வைத்து, பையன்கள் கூட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு போனால் அதே 40 பீட்சா 160 பேருக்குப் போகும். ஆக நாலு வண்டி போதும், குல்ஃபி தனி. ஆனால் இந்த முறையில் நடத்தினால்தான் போதும்.

மெனுவைக் குறையுங்கள். தோசை வண்டியில் மசாலா, நெய் ரோஸ்ட், பொடி தோசை, இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம். வண்டி தெருவில் நிற்கும்போது 25 வகை போடுவார்கள், அது வேறு வியாபாரம். கல்யாணத்தில் ஒருவர் பலகையைப் படித்து யோசிக்கிற அரை நிமிஷம் பின்னால் நிற்கிற இருபது பேருக்கும் சேர்கிறது.

டோக்கன் வேண்டவே வேண்டாம் தம்பி. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி கையில் சீட்டைக் கொடுத்து, இதைக் காட்டிச் சாப்பிடுங்கள் என்று சொல்ல முடியுமா? பந்தியில் இலைக் கணக்கு பார்ப்போம் இல்லையா, அதையே இங்கே தட்டுக் கணக்காக்குங்கள். பாக்கு மட்டைத் தட்டை நீங்களே வாங்குங்கள். வண்டிக்கு 200 தட்டு எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ராத்திரி மீதியை எண்ணுங்கள். கிழிந்ததையும் நனைந்ததையும் ஓரமாகப் போட்டு வைக்கச் சொல்லி அதைக் கழித்துவிடுங்கள். சண்டையே வராது. பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன் 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை. அதனால் சாட்டுக்கு மரக் கரண்டி வாங்கி வையுங்கள்.

ஜன்னல் உயரத்துக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் இரண்டடி தள்ளி ஒரு நீள மேசை, வெள்ளைத் துணி விரித்து. வண்டிக்குள்ளிருந்து வருவதை ஒரு பையன் வாங்கி மேசையில் வைப்பான். விருந்தாளி மேசையில் எடுப்பார். எண்ணெய் தெறிக்கிற பக்கம் குழந்தைகள் போகாமலும் இருக்கும்.

மழையைப் பற்றி. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பெங்களூரில் சாயங்கால மழையை எதிர்பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். ஷெட்டில் மேடை போடலாம் என்று அலங்காரக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். ஷெட் சாப்பாட்டுக்கு. மேடைக்கு மேல் வாட்டர்புரூஃப் பந்தல் போட்டுக்கொள்ளலாம், பத்துப் பேர் நிற்கிற இடம்தானே. வண்டிகளைக் கல் பாதையிலேயே வரிசையாக நிறுத்தி, ஜன்னல் ஷெட்டைப் பார்த்த மாதிரி வையுங்கள். வண்டிக்கும் ஷெட்டுக்கும் நடுவே தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டால் மழை பெய்தாலும் சாப்பாடு நிற்காது. புல்தரையில் வண்டியை ஏற்ற விடாதீர்கள். செம்மண் நனைந்தால் டயர் புதைந்து, ராத்திரி டிராக்டர் வைத்து இழுக்க வேண்டிவரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: லான் ஓனரிடம் வெளிச் சமையலுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரில் நிறைய இடங்களில் அவர்கள் சொல்கிற கேட்டரர்தான், வெளியாள் என்றால் ராயல்டி என்று ஒரு தொகை கேட்பார்கள். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று தலைக்குத் தலை கேட்கிற இடமும் இருக்கிறது.

---

பானஸ்வாடி_அண்ணன்:

அக்கா, ரொம்ப நன்றி. தட்டுக் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முதல் தடவையாக "சரி, மேல என்ன சொல்றாங்க படி" என்றார். லான் ஓனரிடம் பேசிவிட்டேன். மொத்தமாக ஒரு தொகை கிச்சன் சார்ஜ், வண்டிக்குத் தனியாக இல்லை என்று வாட்ஸப்பில் எழுதிக் கொடுத்தார்.

இன்னும் சில சந்தேகம். கரண்ட் எவ்வளவு வேண்டும்? பந்திக்கு என்ன மெனு போடலாம், மாப்பிள்ளை வீட்டுக்கும் பிடிக்கிற மாதிரி? பிரியாணி வண்டியை எங்கே நிறுத்துவது? தொழிலில் இருக்கிற வண்டிக்காரர் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்திலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

---

எலக்ட்ரானிக்_சிட்டி_தோசைவண்டி:

வணக்கம் அண்ணே. நம்மது தோசை வண்டி. குட்டி யானையில் பாடி கட்டி ஓட்டுகிறேன். வார நாளில் ஐடி கம்பெனி வாசல், சனி ஞாயிறு அபார்ட்மெண்ட், விசேஷம். எங்கள் பக்கத்தைக் கேட்டதற்குச் சந்தோஷம், நிறையப் பேர் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் கூடக் கேட்கிறோம் என்றால் அன்றைக்குத்தான் எங்களுக்கு முழு வியாபாரம். உங்களிடம் வந்தால் வழக்கமான இடம் போய்விடும். அதனால் குறைந்தபட்ச பிளேட் உத்தரவாதம் நியாயமான கேள்விதான். ஆனால் 350 பேரில் நாலு வண்டி இருக்கும்போது ஒரு வண்டிக்கு 200 என்பதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். 150 உத்தரவாதம், அதற்கு மேல் போனால் பிளேட் கணக்கு என்று பேசுங்கள். அக்கா சொன்ன தட்டு முறை எங்களுக்கும் நல்லது. டோக்கனை எண்ணுவதற்கே ஒரு ஆள் போய்விடுகிறான்.

வண்டியை வரச் சொல்லும் நேரம் முக்கியம். 7 மணி விசேஷத்துக்கு நாங்கள் மாலை 4-க்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கமிருந்து கனகபுரா ரோடு போவதற்குள் ஞாயிறு சாயங்காலம் என்ன ஆகும் என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் முதல் வேலை தோசைக்கல்லைச் சமம் பார்ப்பது. உங்கள் இடம் சரிவு என்றீர்கள், அதனால் சொல்கிறேன். வண்டி அரை விரல் சாய்ந்தாலும் தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடித் தேங்கிவிடும். அந்த மூலையில் மாவு பிடிக்காது, வழுக்கும். எதிர் மூலை காய்ந்து கருகும். மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 6 தோசை வர வேண்டிய கல்லில் நாலுதான் வரும். கல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்துத் தூக்குவோம். அதற்கு வெளிச்சத்திலேயே வந்தாக வேண்டும். முடிந்தால் இரண்டு நாள் முன்னால் இடத்தைப் பார்க்க விடுங்கள்.

கரண்ட் பற்றி. கேஸில் ஓடுகிற வண்டிக்கு லைட், எக்ஸாஸ்ட் ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்குப் பக்கம்தான். மின்சார அடுப்பு வைத்த வண்டி என்றால் ஒரு வண்டியே மூன்று, நாலு கிலோவாட் இழுக்கும். லானில் 62.5 கேவிஏ ஜெனரேட்டர் இருந்தால் மொத்தத்துக்குத் தாங்கும். ஆனால் டிஜே, எல்இடி திரை இருக்கிற அதே லைனில் எங்களைப் போடாதீர்கள். தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணைகிற சுவிட்ச்). பாட்டு சத்தம் ஏறும்போது டிரிப் ஆகி வண்டி முழுக்க இருட்டாகிவிடும், கையில் சூடான கல்.

கேஸ்: எந்த வண்டியும் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைத்திருக்க வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் கண்ணில் பட்டால் அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது சட்டப்படியும் தப்பு. உபரி சிலிண்டர் ஜெனரேட்டர் பக்கம் இருக்கக் கூடாது. வண்டிக்கு ஒரு தீயணைப்பான் இருக்கிறதா, தேதி முடிந்ததா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், எஃப்எஸ்எஸ்ஏஐ, 14 இலக்க எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான வண்டிக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாவு விஷயம். 250 சின்ன தோசைக்கு 20 லிட்டர் மாவு கொண்டுவருவேன். மதியமே வெளியில் வைத்தால் ராத்திரிக்குள் புளித்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து நாலு லிட்டர் நாலு லிட்டராக எடுப்போம். சாம்பார், சட்னி வெள்ளமாக ஊற்ற வேண்டாம். தேங்காய்ச் சட்னி அரைத்து ரொம்ப நேரம் தாங்காது. இரண்டு தடவையாக அரைக்கிற மாதிரி அங்கேயே மிக்ஸிக்கு ஒரு பிளக் கொடுங்கள்.

பணம்: பாதி முன்பணம், மீதி அன்று இரவே கிளம்பும் முன். "நாளைக்கு வாங்க" என்றால் மறுநாள் சந்தைக்குக் காசு இருக்காது. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன்னால், எவ்வளவு திருப்பித் தருவது, மழையால் ஆள் குறைந்தால் உத்தரவாதம் என்ன ஆகும், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் கொடுக்கிறவர் என்றால் வெளிக் கேட்டரிங்குக்கு 5 சதவீதம் சேரும். சொன்ன விலையில் அது உள்ளேயா வெளியேயா என்று முதலிலேயே கேளுங்கள்.

---

ஜெயநகர்_மாமா:

தம்பி, நாங்கள் ஜெயநகரில் இரண்டு தலைமுறை. பசவனகுடிக் குடும்பங்களோடு பழகி, சம்பந்தமும் வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இலையில் உப்பு, கோசம்பரி (ஊறவைத்த பருப்பு சாலட்), பல்யா (பொரியல்) என்று ஒழுங்காக விழுவதைப் பார்ப்பார்கள். சிரோட்டியை, அதாவது அடுக்கடுக்காகப் பொரித்த பலகாரத்தை, நொறுக்கி, சர்க்கரை தூவி, மேலே சூடான பாதாம் பால் ஊற்றினால் மனசு நிறைந்துவிடும். பந்தியில் அது இருக்கட்டும். பிஸிபேளே பாத் வைத்தால் பக்கத்திலேயே காராபூந்தி. பிரியாணி அவர்கள் நடந்து போகிற வழியில் இருக்கக் கூடாது. அதைச் சொல்லி விளக்க வேண்டிய நிலைமையே வராத மாதிரி இடத்தை அமைத்துவிடுங்கள். சம்பந்தி வீட்டில் ஒருவரை முன்கூட்டியே அழைத்துப் போய் இடத்தைக் காட்டிவிடுங்கள், ரொம்ப மரியாதையாக இருக்கும்.

---

அல்சூர்_சமையல்_அக்கா:

மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிரோட்டி நாங்களும் போடுகிறோம். பொரித்து எடுத்து நன்றாக ஆறிய பிறகு அடுக்கினால் மறுநாள் வரை மொறுமொறுப்பு போகாது. பந்தி மெனு இவ்வளவு போதும் தம்பி: கோசம்பரி, பீன்ஸ் பல்யா, ஒரு கூட்டு, பிஸிபேளே பாத், காராபூந்தி, வெள்ளைச் சாதம், ரசம், அப்பளம், தயிர் சாதம், சிரோட்டி பாதாம் பால். ஷெட்டின் உள்பக்கக் கோடியில் மேசை போட்டு 30 இலை. 7.45-க்கு முதல் பந்தி, 8.30-க்கு இரண்டாவது. வயதானவர்களை மேடை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். முதலில் சாப்பிட்டுவிடட்டும். கூட்டம் குறைந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வந்து அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளலாம். தோசை கேட்கிற பெரியவர்களுக்கு வண்டியிலிருந்து பையன் இலைக்கே கொண்டுவந்து போடுவான். அதுதான் உங்கள் அப்பா மனசுக்கு ஏற்ற ஏற்பாடு. உங்கள் பாட்டியும் வண்டித் தோசை சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

பிரியாணிக்கு டிரக்கே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆம்பூரிலிருந்து சொந்தக்காரர் வேன் வருகிறது என்றீர்கள். அங்கிருந்தே ஒரு பிரியாணி மாஸ்டரையும் சீரக சம்பாவையும் வரவழையுங்கள். தம் போடுவதற்கு வண்டிக்குள் இடம் பத்தாது. தரையில் விறகு அடுப்பு, தேக்சா என்கிற பெரிய பாத்திரம், மூடி மேல் கரி நெருப்பு, இப்படித்தான் அது அமையும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் 150 பேர் என்று வையுங்கள். மற்ற வண்டியிலும் கை வைப்பார்கள், அதனால் கிலோ அரிசிக்கு 12 பேர் கணக்கில் 13 கிலோ போதும். இரண்டு தேக்சாவாகப் பிரித்து, இரண்டாவதை 40 நிமிஷம் தள்ளி இறக்கச் சொல்லுங்கள். கடைசியில் வருகிறவருக்கும் சூடு இருக்கும். கூடவே கத்தரிக்காய், தயிர் வெங்காயம். இடம், லானுக்குள் நுழைகிற வாசலுக்கு எதிர்ப்பக்கம், காற்று வீசுகிற திசைக்குக் கீழே, தனி மேசை, தனித் தட்டு, தனிக் குப்பைத் தொட்டி. பரிமாறுகிற பையன்களும் தனி. ஒரே பையன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடக் கூடாது. அதைப் பார்த்தால் சைவக்காரர்கள் தோசையையும் தொட மாட்டார்கள்.

அப்படியானால் டிரக் மூன்று: தோசை, சாட், பீட்சா. குல்ஃபிக்குத் தள்ளுவண்டி போதும், டிரக் வாடகை வீண். மிச்சமாகிற பணத்தில் பரிமாறுகிற ஆள்.

தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். வண்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் வைத்தால் வாங்கினவர் அங்கேயே நின்று குடித்து வழியை அடைப்பார். உட்காருகிற இடத்தில் வையுங்கள். கை கழுவ ஷெட்டின் இரண்டு கோடியிலும் குழாய். குப்பைக்கு ஈரம், உலர்ந்தது என்று தனித்தனித் தொட்டி, பக்கத்தில் ஒரு அம்மா நின்றால் கலக்காது. மறுநாள் லான்காரர் குப்பைக்கு என்று தனியாகப் பணம் கேட்காமல் இருப்பார்.

10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பாட்டு நின்றதும் மேடைப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் ஒரு சுற்றுச் சாப்பாட்டுப் பக்கம் வருவார்கள். வண்டிக்காரரிடம் 10.45 வரை என்று எழுதி வாங்குங்கள். கடைசிக்குக் கொஞ்சம் பாதாம் பால், 20 தோசைக்கு மாவு, கொஞ்சம் பிரியாணி ஆகியவற்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேன் டிரைவர்கள், போட்டோக்காரர், ஜெனரேட்டர் பையன், மேளக்காரர்கள், வண்டியில் நின்ற பையன்கள், இவர்கள் எல்லாம் அப்போதுதான் சாப்பிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும்கூட.

---

பானஸ்வாடி_அண்ணன்:

அக்கா, தோசைவண்டி நண்பா, மாமா, வாசகி எல்லோருக்கும் நன்றி. மூன்று வண்டி, ஒரு பந்தி, ஆம்பூர் மாஸ்டர் என்று முடிவாகிவிட்டது. அப்பா பந்திக்கு வாழை இலையைக் குடியாத்தத்திலிருந்து தானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பாவை வரும் சனிக்கிழமை லானுக்கு அழைத்துப் போகிறேன். அக்கா, பந்திக்கு உங்களையே கேட்கலாமா? தேதி தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

---

அல்சூர்_சமையல்_அக்கா:

அனுப்புங்கள் தம்பி. அன்று வேறு வேலை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நிச்சயம் வருகிறோம். இலை எடுத்துவருகிறார் என்றால் 80 நுனி இலையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், 60 போதாது. வண்டித் தோசை கிடைத்தவர்களிலும் சிலர் பந்தியைப் பார்த்ததும் வந்து உட்காருவார்கள்.